பதினெட்டு நிமிட அத்தான்

என் அக்காள் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், தொலைக்காட்சியில் வந்தது ஒரே ஒரு தடவை. தை மாதம், பொங்கல் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. ஒரு தனியார் சேனலின் விவசாய நிகழ்ச்சி. விளம்பரங்களைக் கழித்தால் பதினெட்டு நிமிடம், சேர்த்தால் இருபத்தாறு. அன்றைக்கே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். திருச்சுழிப் பக்கம் அவர்கள் ஊரில், கரிசல் புஞ்சை நாலு ஏக்கரில் அவர் குதிரைவாலி போட்டிருந்தார். மழை ஏமாற்றிய வருடம் அது. சுற்றிலும் மிளகாயும் மல்லியும் காய்ந்து நின்றபோது இவருடைய குதிரைவாலி மட்டும் கதிர் பிடித்ததால் கேமராக்காரர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்கள் அவரை வரப்பில் நிறுத்தி, எப்படிப் பேச வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் படம் எடுத்தார்கள்.

நிகழ்ச்சியைப் பதிவு செய்தது அத்தானேதான். செட்டாப் பாக்ஸின் பின்னால் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சொருகி ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும், ஆயுசுக்கும் இருக்கும் என்று பந்தல்குடி டிஷ் கடைக்காரர் சொல்லியிருந்தார். யாருடைய ஆயுசு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பெட்டி எதைப் பதிவு செய்தாலும் பூட்டுப் போட்டுத்தான் பதிவு செய்யும். அதே பெட்டியில், அதே சந்தாதாரரின் கணக்கு நடப்பில் இருக்கும்வரைதான் பூட்டுத் திறக்கும். இந்தச் சங்கதி பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை.

புதுப்படங்களை யாரும் நகலெடுத்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடாம். இங்கே வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தை, சனிக்கிழமை மதுரை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் செல்போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறார். பங்குனிப் பொங்கலுக்கு ரேடியோ செட்டுக்காரர் விரல் அகலப் பென் டிரைவில் ஆயிரக்கணக்கான பாட்டுகளோடு வந்து இறங்கி, மூன்று ஊருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் போடுகிறார். இவர்களில் ஒருவரையும் அந்தப் பூட்டு தொட்டதில்லை. எனக்குத் தெரிந்து அது பிடித்து உள்ளே வைத்த ஒரே ஆள், குதிரைவாலிக்கு எத்தனை உழவு என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் அத்தான்.

இரண்டு வருடம் கழித்து, மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வழக்கப்படி முப்பது நாள் டிவியைத் துண்டு போட்டு மூடிவைத்திருந்தார்கள். துண்டை எடுத்த பிறகு அக்காள் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள். மதியச் சாப்பாடு முடிந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ள உட்காரும்போது அந்தப் பதிவைப் போட்டுவிடுவாள். திரையைப் பார்க்க மாட்டாள். குரல் ஓடிக்கொண்டிருந்தால் போதும். வீட்டில் அவருடைய புகைப்படங்கள் நிறைய இருந்தன. குரல் இருந்த இடம் அது ஒன்றுதான்.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிந்த கையோடு ஆண்கள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பேர்மாற்றத்துக்குக் கிளம்பிவிடுவோம். வாரிசுச் சான்று, பட்டா, கரண்டு, கேஸ், ரேஷன் அட்டை, கூட்டுறவுச் சங்கம் என்று இறந்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் மிச்சமில்லாமல் துடைத்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். நான் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் முடிய முடியச் சிவப்பு மையால் தேதியிட்டுக்கொண்டு வந்தேன். வைகாசி பிறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. அதோடு பேனாவை மூடியிருக்கலாம். டிஷ் இணைப்பு அத்தான் பெயரிலேயே இருப்பது கண்ணில் பட்டது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அவசியமும் இல்லை. நானாக ஒரு திங்கட்கிழமை இறப்புச் சான்றின் நகலை அனுப்பி, அக்காள் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதினேன்.

பட்டாவுக்குப் பதினோரு நடை. இவர்கள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். பழைய கணக்கை மூடி, புதுக் கணக்குத் தொடங்கி, புதிய வாடிக்கையாளரான அக்காளைத் தங்கள் குடும்பத்துக்கு வரவேற்றுக் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். அந்தச் சுறுசுறுப்பைப் பாராட்டி நாட்குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதை இன்னும் அடிக்கவில்லை, தண்டனையாக இருக்கட்டும் என்று.

வியாழக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு அக்காள் போன் செய்தாள்.

"தம்பி, அவுக வரமாட்டேங்குறாக."

அருப்புக்கோட்டையிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். டிவியில் பதிவுகளின் பட்டியலில் நிகழ்ச்சியின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, இருபத்தாறு நிமிடம் என்ற கணக்கு இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். அமுக்கினால், இந்தப் பதிவைக் காண உங்களுக்கு உரிமை இல்லை என்று நல்ல தமிழில் வந்தது. புஞ்சை அவளுடையது, பயிர் அவளுடையது, புருஷன் அவளுடையவர். உரிமை மட்டும் இல்லை. நான் செய்த காரியத்தைச் சொன்னேன். அக்காள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"அவுக செத்துப்போயிட்டாகன்னு டிஷ்சுக்காரனுக்கு யாருப்பா சொல்லச் சொன்னா? கரண்டுக்காரனுக்குச் சொன்ன, சரி. கேசுக்காரனுக்குச் சொன்ன, சரி. இவன் என்ன நமக்குச் சம்பந்தியா, கேதம் சொல்லி விடுறதுக்கு?"

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வயரைச் சொருகியதும், இந்த டிஸ்க்கில் படிக்கக்கூடியது ஒன்றுமில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் பழக்கதோஷத்தில் ஆமாம் என்பதை அமுக்கப்போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே என்ன சார் இருக்கு என்று கேட்டார். எங்க அத்தான் என்றேன். அவர் டிஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது வாடிக்கையாளர் சேவை. தமிழுக்கு ஒன்று, புகாருக்கு மூன்று என்று அமுக்கிக்கொண்டே போய் ஒரு பெண் குரலை எட்டிப்பிடிக்கப் பத்தொன்பது நிமிடம் ஆனது. பழைய கணக்கை மறுபடி திறக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அந்தக் கணக்கோட வாடிக்கையாளர் நேரடியா எங்ககிட்ட பேசினாத்தான் ரிக்வெஸ்ட் போட முடியும்."

அவர் இறந்துவிட்டார், அதற்காகத்தானே பெயர் மாற்றினோம், சான்றுகூட உங்களிடம் இருக்கிறதே என்றேன். வருத்தம் தெரிவித்தார். சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, பாதுகாப்புக் காரணங்களுக்காக வேறு வழி இல்லை என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். அதற்கு அவருக்குக் கொடுத்திருந்த தாளில் பதில் இல்லைபோலும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு, இந்த உரையாடலுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவேன் என்று ஒரு செய்தியும் அனுப்பிவைத்தார்கள்.

சேனலுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஆனி மாதக் கடைசியில் பதில் வந்தது. நிகழ்ச்சியின் உரிமை தயாரித்துக் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறதாம். அந்த நிறுவனத்தைத் தேடிப் பிடித்தால், பழைய பதிவுகளை இடமில்லாமல் அழித்துவிட்டோம், ஆனால் அனுமதியில்லாமல் யாரும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். உரிமை பத்திரமாக இருந்தது. பொருள்தான் இல்லை. தாலுகா அலுவலகத்தில்கூட நான் இப்படி ஒரு கோப்பைப் பார்த்ததில்லை.

ஆவணியில் அத்தானின் பள்ளித்தோழர் ஒருவர் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தார். அருப்புக்கோட்டையில் ஜவுளி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். சாவுக்கு வர முடியாததால் வந்த இரண்டாம் நாளே துக்கம் கேட்க அக்காள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பேச்சோடு பேச்சாக, என்னைக் கையால் காட்டி, டிவியில இருந்தவுகளையும் இவன் அனுப்பி வச்சுட்டாண்ணே என்றாள் அக்காள். என்ன நடந்தது என்று கேட்டு முடித்தவர் செல்போனை எடுத்தார்.

"அந்த விவசாயப் புரோகிராமா? எங்கிட்ட கெடக்கே தங்கச்சி. அன்னைக்கே எடுத்து அனுப்பி விட்டானே."

குவைத்தில் அந்தச் சேனல் தெரியாது. ஆகவே நிகழ்ச்சி ஓட ஓட, அத்தான் டிவிக்கு முன்னால் நின்று செல்போனில் படம் பிடித்து, துண்டுதுண்டாக இவருக்கு அனுப்பியிருக்கிறார். அந்தச் செல்போன் மறு வருடமே கிணற்றில் விழுந்துபோனது, அதோடு அக்காளும் இதை மறந்துவிட்டாள். மூன்று துண்டு, மொத்தம் நாலு நிமிடம் பத்து நொடி. சட்டப்படி பார்த்தால் கலப்படமில்லாத திருட்டு நகல். படம் ஆடுகிறது. டிவிக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது. மின்விசிறிச் சத்தம் பாதியை விழுங்குகிறது. திரையில் அத்தான் ஊடுபயிர், நுண்ணுயிர்ப் பெருக்கம் என்று மனப்பாடம் ஒப்பிக்கிறார். செல்போனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு அத்தான் சிரிக்கிறார்.

"ஏலே, நானாடா இது? எவனோ வாத்தியாரு பாடம் எடுக்குற மாதிரில்ல இருக்கு. இந்தா பாரு, அரிக்குதுன்னு கழுத்தச் சொறியிறேன், அதையும் போட்டுட்டானுக."

நடுவில் அக்காளின் குரல். "நகந்து நில்லுங்க, ஒன்னும் தெரியல."

"நீ தெனம் பாக்குற மூஞ்சிதான. அவன் பாக்கட்டும்."

அக்காள் மூன்று தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும், டிவியில பேசுனது அவுக பேச்சே இல்ல என்றாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, வந்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கே மூன்று துண்டையும் இருவருடைய செல்லுக்கும் வாங்கிக்கொண்டோம். பட்டபிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. கோயம்புத்தூரிலிருக்கும் அக்காள் மகள் பார்ப்பதற்கு வசதியாக, ஒழுங்கான தலைப்பும் தேதியும் கொடுத்து ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். நாலு நிமிடத்தில் அறிவிப்பு வந்தது. பின்னணியில் நிகழ்ச்சியின் தொடக்க இசை ஏழு நொடி கேட்கிறதாம், அது இன்னொருவர் சொத்தாம், ஆகவே முழு ஒலியையும் நீக்கிவிட்டார்களாம். போட்டுப் பார்த்தேன். அத்தான் வாயைத் திறந்து திறந்து மூடினார். நாலு மாதத்தில் இரண்டாவது தடவையாக அவர் குரலை நானே அடைத்திருந்தேன்.

அக்காளிடம் சொன்னதற்கு, இனிமே நீ எதையும் தொடாத என்று மட்டும் சொன்னாள். தன் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதிலிருந்த அத்தனை எண்களுக்கும் ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினாள். மகளுக்கு, நாத்தனாருக்கு, பால்காரருக்கு, கேஸ் போடுகிறவருக்கு, கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கு, கடைசியாகப் பந்தல்குடி டிஷ் கடைக்காரருக்கு. இப்படி அனுப்புவது குற்றம் என்று நான் படித்திருந்தேன். பிரிவு எண்கூட வாய்வரை வந்து நின்றது.

பத்து நாள் கழித்து, பாலவனத்தத்திலிருந்து எங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவர் அக்காளுக்குப் போன் செய்தார். யார் யாரோ அனுப்பி அந்த வீடியோ அவர் கைக்குப் போயிருந்தது. அந்தக் குதிரைவாலி விதை கிடைக்குமா என்று கேட்டார். ரெண்டு மூட்ட கெடக்கு, புரட்டாசிக்கு முன்னால வந்து எடுத்துக்கிருங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் காலிச் சாக்கோடு வந்து இறங்கினார். வாசலில் நின்று, வீடியோவுல சிரிக்கிறாகளே, அவுக வீடு இதுதானா என்று கேட்டார்.

"இதுதான், உள்ள வாங்க" என்றாள் அக்காள்.