துவக்குக்கு ஓர் அறை

கனடாவில், அஜக்ஸில் வீடு வாங்கிய இரண்டாம் வருடம் என் கணவர், தான் ஒரு துவக்கு வாங்கப்போவதாகச் சொன்னார். நான் அப்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தேன்.

"தாரா சுட," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பக்கத்து மெசினில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட்காரர், இலையுதிர் காலம் வந்தால் காட்டு வாத்துகளான தாராக்களை வேட்டையாடப் போகாமல் இருக்கமாட்டாத மனிதர். ஒருமுறை இவரையும் பார்க்கக் கூட்டிப்போனார். சதுப்பு நிலத்தில் நாள் முழுக்க நனைந்து, விறைத்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்த என் கணவரின் முகத்தில், கனடாவுக்கு வந்தபின் நான் காணாத ஒரு சந்தோசம் இருந்தது. அதற்குப் பிறகு வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, அனுமதியும் எடுத்துவிட்டார். கடைசியாகத்தான் எனக்குச் சொன்னார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறீங்களோ?"

"அது வேற துவக்கப்பா. இது தாராவுக்கு."

"எது தாரா, எது மனிசன் எண்டு துவக்குக்குத் தெரியுமோ?"

அவர் போய் டிவியைப் போட்டார். எனக்குக் கோபம் ஆறச் சில நாள் பிடித்தது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்து முகம் நினைவில் வந்துகொண்டேயிருந்தது. கடைசியில் நானே இறங்கினேன்.

"சரி, வாங்குங்கோ. ஆனா அது என்ரை கண்ணில படக்கூடாது. வீட்டில அப்பிடி ஒண்டு இருக்கெண்டே பிள்ளையளுக்குத் தெரியக்கூடாது."

துவக்கைப் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்று சட்டமும் சொல்லியது. ஆனால் வெறும் அலுமாரிப் பூட்டை நான் நம்பவில்லை. எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் நான் எங்கே சொக்லேட் ஒளித்தாலும் மோந்து பிடிப்பவர்கள். கடையில் விற்கும் இரும்புப் பெட்டகம் எங்கள் கைக்கு எட்டாது. அப்படித்தான் ஒளித்த அறை ஒன்று கட்டும் யோசனை வந்தது.

டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மெண்டில் இருந்த காலத்தில் எங்களுக்கு அடுத்த கதவில் குடியிருந்த ஓர் அண்ணை, வீடு திருத்தும் வேலை செய்பவர். அவரைக் கூப்பிட்டோம். பேஸ்மெண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்வாசல் படிக்கு நேர் கீழே இருந்த சின்ன அறைக்குள் போய்ச் சுவரில் தட்டினார். உருளைக்கிழங்கு, வெங்காயம் வைக்கும் கோல்ட் ரூம் அது.

"தங்கச்சி, சுத்திவரக் கொங்கிரீட். மேலயும் கொங்கிரீட். சுவர் ஓசியிலயே கிடக்கு. கதவு ஒண்டுதான் வேணும்."

இடித்துக்கொண்டிருந்த கடை ஒன்றிலிருந்து இரும்புக் கதவு ஒன்றை நிலையோடு கொண்டுவந்தார். அதைப் படியால் இறக்கிய சனிக்கிழமையை மறக்க முடியாது. மேலே நின்ற நியூஃபவுண்ட்லாண்ட்காரர் ஆங்கிலத்தில் கட்டளை போட, கீழே நின்ற அண்ணை தமிழில் கட்டளை போட, நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு வந்த என் கணவரின் கால் நசுங்கியது.

கதவை மறைத்து, பிணைச்சல் போட்டுக் கதவுபோலவே திறக்கும் புத்தகத் தட்டு ஒன்றை மாட்டி, அதற்கு நானே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். தள்ளி நின்று பார்த்தால் அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. எங்கள் எல்லோருக்கும் பெரிய பெருமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனிலிருந்து மச்சாள், என் கணவரின் தங்கை, வந்தாள். அவளுக்கு நானும் மச்சாள்தான். பேஸ்மெண்டில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மச்சாள், உங்கட கோல்ட் ரூம் எங்க?"

"எங்களுக்கு அது இல்லை."

"இல்லாமல் என்னெண்டு? வெளியில வாசல் படிக்குக் கீழ காத்துப் போற ஓட்டை இருக்கு, பாத்தனான். உள்ளுக்கு அறை இல்லாமல் ஓட்டை எதுக்கு?" என்றபடி புத்தகத் தட்டுப் பக்கம் நடந்தாள். தேத்தண்ணி ஆறுது என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, நீங்கள் உங்கள் கோல்ட் ரூமில் என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு என்பது எங்கள் மூளைக்கு எட்டவேயில்லை.

உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. "அறையை ஒளிக்காதேங்கோ. திறந்து விடுவம். உள்ளுக்குப் பாதியில ஒரு சுவரை வைச்சு, அந்தச் சுவரை ஒளிப்பம்," என்றேன்.

அண்ணை கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உதை முதலே சொல்லியிருந்தா எனக்கு ஒரு கிழமை மிச்சம், தங்கச்சி."

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். அறையின் நடுவே இரும்புச் சட்டங்களைக் கொங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கி, இரண்டு பக்கமும் தடித்த ஒட்டுப்பலகை அடித்து, அதில் கதவைப் பொருத்தினார்கள். கொங்கிரீட் வேர்க்கும், ஈரத்தில் இரும்பு கறள் பிடிக்கும் என்று அண்ணை பின்பக்கச் சுவர்களுக்கு ஃபோம் பலகை ஒட்டி, சூட்டுக்கு எப்போதும் எரிய ஒரு சின்னப் பல்ப்பும் போட்டார். கதவுக்கு முன்னால், உருட்டி நகர்த்தச் சில்லு வைத்த தட்டு. நான் ஆசையில் அதில் அரிசி மூட்டைகளை ஏற்ற, மூன்று ஆண்களும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. பிறகு அப்பளம், மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா என்று பாரமில்லாதவையாக மாற்றினேன்.

துவக்கு வந்த அன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நீளமான பெட்டியோடு அவர் உள்ளே வந்தார். கடைக்குப் போய்விடுவது என்றுதான் நினைத்திருந்தேன்; போகவில்லை.

"திறக்கட்டோ?"

"வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "சரி, திறவுங்கோ," என்றேன்.

நல்ல மரத்தில் செய்த தளபாடம்போல் இருந்தது. உள்ளே ரவை ஒன்றுமில்லை என்று குழலை மடித்துக் காட்டினார். நான் தொடவில்லை. கீழே கொண்டுபோய்ப் பூட்டினார். ரவைகளை வேறொரு பெட்டியில் வேறிடத்தில் பூட்டினார். திரும்பி வந்து அந்தப் பெட்டிப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் தந்தார். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

மச்சாள் மறுபடி வந்தபோது நேராகப் போய் அந்த அறையைத் திறந்தாள். "இஞ்ச கிடக்கு! அண்டைக்கு இல்லையெண்டு சொன்னீங்கள்?"

"பிறகுதான் கட்டினனாங்கள்," என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

ஒடியல் மா ஒரு பை எடுத்துக்கொண்டு திரும்பியவள் சொன்னாள்: "மச்சாள், இந்தத் தட்டு ஆடுது. ஆரையாவது பிடிச்சு ஆணி அடிச்சு விடுங்கோ."

அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு தாரா வீட்டுக்கு வந்தன. நியூஃபவுண்ட்லாண்ட்காரரே பின்வளவில் இருந்து இறகு பிடுங்கித் தந்தார். மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்தேன். அவர் கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக, எங்களைப் பார்த்துக் கையாலேயே சாப்பிட்டார்.

"இதில நீங்கள் சுட்டது எது?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் சோற்றைக் குழைத்தபடி, "ரெண்டும் அவர் சுட்டது. நான் தண்ணியைத்தான் சுட்டனான்," என்றார். என்ன சொன்னார் என்று விருந்தாளி கேட்க, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மிளகு புரையேறி, தண்ணீர் எடுக்க நான் ஓடவேண்டியதாயிற்று.