சர்ப்ரைஸ் கொண்டு வந்தவர்கள்

முரசுமோட்டையில் பஸ்ஸுக்குக் காற்றுப் போய்விட்டது. எதிரே உள்ள கடையில் பால் சேர்க்காத பிளேன்ரீ குடிக்கிறேன். ஒரே நிறச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். ஒருவன் கையில் மினுங்கும் தாள் சுற்றிய பெட்டி. மற்றவன் கைபேசியால் படம் பிடிக்கிறான்.

"புவனேஸ்வரி அம்மா இருக்கிறாவோ? சர்ப்ரைஸ் ஒண்டு வந்திருக்கு."

"ஆர் அனுப்பினது?" என்கிறார் கடைக்கார அம்மா.

"அதைச் சொல்லேலாது. அவாதான் கண்டுபிடிக்கோணும்."

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

அவர்கள் பெட்டியோடு திரும்பிப் போகிறார்கள். புழுதி அடங்கும்வரை கடைக்கார அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ரயர் மாற்றி முடித்த சாரதி கையைத் துடைத்தபடி வந்து, "புவனேசக்கா, எனக்கும் ஒரு பிளேன்ரீ" என்கிறார்.

நான் கடைக்கார அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறேன்.

"சர்ப்ரைஸ் எண்டால் என்ன தம்பி?" அவரே என்னிடம் கேட்கிறார்.

"சொல்லாமல் கொள்ளாமல் வாற சந்தோசம், அக்கா" என்கிறேன். சந்தோசம் என்பது நானாகச் சேர்த்தது. அந்த ஆங்கிலச் சொல் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. "வெளிநாட்டில இருக்கிற ஆரோ கேக் அனுப்பியிருப்பினம். இண்டைக்கு உங்கட பிறந்தநாளோ?"

"ஓம். கனடாவில இருக்கிற மகள்தான் அனுப்பியிருப்பாள்."

"பிறகேன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

அவர் கிளாசைக் கழுவிக் கவிழ்க்கிறார்.

"என்ர மனுசனையும் இப்பிடித்தான் ரண்டு பேர் வந்து பேர் சொல்லிக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனவை. ஆர் அனுப்பினது எண்டு கேட்டன். அவையும் சொல்லேல்லை."