சாமிக்குச் சேதி சொன்னவள்

பங்குனி வெயிலில் கொடியில் காயும் மஞ்சள் வேட்டிக்கென்று ஒரு வாடை உண்டு. மஞ்சளும் வேப்பிலையும் வியர்வையும் கலந்த அந்த வாடை எங்கள் முற்றத்தில் எழுந்துவிட்டால், அப்பா கையில் காப்புக் கட்டிவிட்டார், இனிப் பதினைந்து நாளைக்கு அவரை அப்பா என்று தொட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்போது எனக்கு ஒன்பது வயது. திருச்சுழிக்குத் தெற்கே, கரிசல் காடும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கிற ஒரு சின்ன ஊரில், எங்கள் குடும்பத்து ஆண்கள்தான் தலைமுறையாகக் கருப்பசாமிக்குச் சாமியாடிகள். அந்தப் பதினைந்து நாளும் அப்பா செருப்புப் போட மாட்டார். ஒரு வேளைதான் சாப்பிடுவார். காலையில் கோயிலுக்குள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். யார் மேலாவது பகை இருக்கிறதா, பொறாமை இருக்கிறதா, நம் நாக்கு சுத்தமாக இருக்கிறதா என்று தன்னைத் தானே கேட்டுப் பார்க்கிற நேரம் அது. எங்கள் வீட்டில் அதை 'மனசக் கழுவுறது' என்பார்கள். அவர் உள்ளே எதைக் கழுவினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 

அந்த வருடம் கோயிலின் பங்குனிப் பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மா என்னை அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தாள். அம்மா ஜவுளிக்கடைக்குள் விலை பேசிக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். எதிரே வளையல் கடையில் எங்கள் ஊர்ப் பேச்சியக்கா நின்றிருந்தாள். புருஷன் செத்து இரண்டு வருடமாகி, பாளையம்பட்டியில் ஒரு தையல் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து, ஒற்றை மகள் செல்வியை வளர்த்துக்கொண்டிருந்தவள். செல்வி என் வகுப்பு. என் பக்கத்தில்தான் உட்காருவாள். அந்தப் பேச்சியக்காவின் இரண்டு கையிலும் சிவப்புக் கண்ணாடி வளையல். கையைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் பார்த்தபோது அவள் கை மூளியாக இருந்தது.

எனக்கு அது அதிசயம், அவ்வளவுதான். மறுநாள் அப்பா அந்த ஒரு வேளைச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது, ஏதோ வித்தை பார்த்துவிட்டு வந்தவளைப் போல அதைச் சொன்னேன். "கடையில கை நெறைய வளையல் போட்டிருந்துச்சு, பஸ்ஸுல காணோம்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் பொங்கல். உச்சி வெயிலில் உறுமி முழங்க, அப்பாவுக்கு அருள் வந்தது. இரண்டு வருடமாக மழை இல்லை. பருத்தி கருகிப் போயிருந்தது. ஊரே கைகட்டி நின்று, "சாமி, மழ ஏன் பேயல? நாங்க என்ன கொற வச்சோம்?" என்று கேட்டது. அரிவாள் மேல் ஏறி நின்ற அப்பா கண்ணை உருட்டிக் கத்தினார்:

"தாலியறுத்தவ கையில கண்ணாடி வளையல் குலுங்குதுடா. அந்தச் சத்தம் என் காதுல விழுகுது. அப்புறம் எப்படிடா மழ எறங்கும்?"

சாமிக்கு அந்தச் சத்தம் எங்கே கேட்டது என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி நான்.

ஊரில் தாலியறுத்து, டவுனுக்கு வேலைக்குப் போகிறவள் ஒருத்திதான். கொழுந்தனே அவளை முடியைப் பிடித்து இழுத்துவந்து சாமி முன்னால் தள்ளினான். "நான் ஒரு தப்பும் பண்ணல சாமி" என்று அவள் என் அப்பாவின் காலைப் பிடித்தாள். அப்பா அந்தக் காலை உதறினார். உதறிய அந்தக் காலுக்குத்தான் பதினைந்து நாளாகச் செருப்பில்லாத விரதம்.

அவள் கோயில் பக்கம் வரக்கூடாது, ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்று தீர்ப்பானது. பள்ளியில் செல்வியின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் தள்ளித்தான் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. மூன்று மாதத்தில், இரண்டு பைகளோடு தாயும் மகளும் காலைப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். மழையும் பெய்யவில்லை.

அவர்கள் போன அன்று மதியம் அம்மா, அவள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அப்பாவின் முன்னால் நிமிர்ந்து நின்று கேட்டாள். "நம்ம வீட்டுச் சோத்துல விழுந்த பேச்சு சாமி வாயில எப்படிங்க வந்துச்சு? சொன்னது சாமியா, நீங்களா? உள்ள உக்காந்து உங்களையே கேட்டுப் பாருங்க." அப்பா தட்டை எறிந்தார்.

ஆனால் அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். அதுதான் என் கோபத்தின் பெரிய பங்கு. அடுத்த பங்குனியில் உறுமி ஒரு மணி நேரம் முழங்கியும் அவர் அசையாமல் நின்றார். பிறகு அரிவாளைக் கீழே வைத்து, "எனக்கு எறங்கலப்பா. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அந்தப் பொம்பள வச்சிட்டுப் போன தீட்டு, சாமியே ஊர விட்டுப் போயிருச்சு" என்றது. அப்பாவின் காதில் விழும்படியே சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை.

வீட்டில் அம்மா கெஞ்சினாள். "'சாமி சொல்லல, நான்தான் சொன்னேன்'னு ஊர்ல ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தத் தாயும் பிள்ளையும் பொழச்சுப் போகும்." அப்பா, "போனது போகட்டும்" என்றார். அதன் பிறகு சாகும்வரை தினமும் விடியலில் கண்ணை மூடித் தனியாக உட்கார்ந்திருந்தார். சாமியே வேண்டாமென்று விலகிய உத்தமர் என்று ஊர் அவரை முன்னைவிட அதிகமாகக் கும்பிட்டது. அவர் செத்தபோது, 'மனசாட்சிக்குப் பயந்த மனுசன்' என்று சொல்லி அழுதார்கள். தனக்குத்தானே கோர்ட்டு வைத்து, தனக்குத்தானே தண்டனை கொடுத்து, தானே விடுதலையும் ஆகிவிட்ட ஒருவரை மனசாட்சிக்குப் பயந்தவர் என்பதா? தன்னைக் கேட்டுப் பார்ப்பது பெரிய காரியம்தான். ஆனால் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு வாசற்படி தாண்டாதவன் கேட்டு என்ன, கேட்காமல் என்ன?

அப்பா செத்த பிறகு நான் பேச்சியக்காவைத் தேடிப் போனேன். பாளையம்பட்டியில் ஒரு சந்துக்குள் இரண்டு தையல் மெஷினோடு இருந்தாள். சேதி சொன்னது நான்தான் என்று நின்றபடியே சொன்னேன்.

"தெரியும் பாப்பா. அன்னைக்கு உன்னையத் தவிர யாரு என்னையப் பாத்தா?" என்றாள். துணியிலிருந்து கையெடுக்கவில்லை. "செல்விக்கு வாங்கப் போனேன். பெரிய வளையலாப் போட்டுப் பாருங்கக்கான்னு கடக்காரப் பையன் குடுத்தான். ரெண்டு நிமிசம் இருக்கும். கழட்டிக் குடுத்துட்டேன்."

அப்பா அதை நினைத்து நினைத்தே குன்றிப்போனார் என்றேன். ஏன் அவருக்காக வாதாடினேன் என்று தெரியவில்லை. மெஷின் நின்றது.

"அவரையே அவரு கேட்டுக்கிட்டாராக்கும்? திருச்சுழியில இருந்து இங்க பஸ்ஸு ஓடுதுல்ல? என்னைய வந்து ஒரு வார்த்த கேட்டாரா?"

"நீயாவது வந்த. உக்காரு" என்றாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது சாமியாடி என் தம்பி. போன பங்குனிக்குப் போயிருந்தேன். கோயிலுக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள். உறுமிக்காரர்கள் போய் ஸ்பீக்கர் வந்துவிட்டது. கதவைச் சாத்தி உட்காரும் அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது, கூட்டம் காத்திருக்காதாம். பேச்சியக்காவின் வீடு இருந்த இடத்தைச் சமன் செய்து, சாமியிடம் வாக்குக் கேட்க வருகிறவர்களின் கார்களை அங்கே நிறுத்துகிறார்கள். தம்பியின் பிள்ளைகள் இருவரும் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இங்கே ஒரு வீடு இருந்தது என்று ஆரம்பித்து, அவர்களுடைய தாத்தா சொன்னதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். தம்பி ஓடி வந்து, "பிள்ளைககிட்டப் போயி ஏன்க்கா இதெல்லாம்?" என்றான்.

"நீயும் உக்காருடா" என்றேன்.