காலாவதி டேப்புகள்

ஃபிரிட்ஜைத் துடைப்பது அந்த வீட்டில் கணவரின் வேலை. கை வைத்தாரென்றால் ஈவிரக்கம் பார்க்க மாட்டார்.

"இந்தக் கிண்ணம் எப்பத்தது?"

"இருக்கட்டுமே. யாராவது கேட்டா?"

"அதுக்கே வாய் முளைச்சு அதுவேதான் கேக்கணும்" என்று மனைவியின் கண்ணெதிரே குப்பையில் கொட்டினார்.

ஆபீசில் அவளுக்கு இதைவிடப் பெரிய குப்பை காத்திருந்தது.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத்தரும் ஆபீஸ் அது. அங்கே அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். எல்லோருடைய வேலையையும் தினமும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது அவள் பொறுப்பு. ஆனால் கண்ணால் பார்க்க ஒரு டேப்பும் கிடையாது. நகலெடுக்கும் பழைய மென்பொருளுக்கு டேப்பில்தான் எழுதத் தெரியும். அதை ஏமாற்ற, டிஸ்க்குகள் நிறைந்த பெட்டி ஒன்று பல டேப்புகளாக வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எதை எவ்வளவு காலம் வைப்பது என்று திட்டம் போட்டவளும் அவள்தான். தினசரி நகல் இரண்டு வாரம், வார நகல் மூன்று மாதம், மாத நகல் ஒரு வருஷம். அதோடு டேப் காலாவதி. காலாவதி என்பது வெறும் பெயருக்குத்தான். அழிக்கச் சொல்லும்வரை உள்ளே இருப்பது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவள் அழிக்கச் சொன்னதே இல்லை. வாய் நிறைய அக்கா என்று கூப்பிடும் வடிவமைப்பாளன் ஒருவன், கெடு தாண்டியபிறகு வந்து தலையைச் சொறிந்தபடி நிற்பான். இவளும் மனசு கேட்காமல் தோண்டி எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துக் கொடுத்தே, தான் போட்ட திட்டத்தை ஒருவரும் சட்டை செய்யாதபடி பண்ணிவிட்டாள்.

இப்போது பெட்டி கழுத்துவரை நிறைந்துவிட்டது. நேற்றைய நகல் பாதியில் நின்றுபோனது. இன்றும் நின்று, ஏதாவது கெட்டும் போனால், ஆபீஸ் மொத்தமும் செய்த வேலையைத் திருப்பித் தர வழியில்லை.

காலாவதியான டேப்புகளையெல்லாம் குறித்து, அழிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தபோது அவன் வந்தான்.

"அக்கா, அந்த வளைவு மாடிப்படி, முதல்ல போட்ட வரைபடம்..."

"வேண்டாம்னு நீதானே தூக்கிப் போட்டே?"

"வீடு கட்டறவங்க இப்ப அதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

"எந்த மாசம் போட்டது?"

"வருஷம் தாண்டியாச்சு. அப்ப நல்ல மழைக்கா."

"மழைன்னு போட்டா மெஷின் தேடாது தம்பி. ஒவ்வொரு டேப்பா பார்க்கணும், நாள் கணக்குல ஆகும். இன்னைக்கு நகலுக்கே இடமில்ல."

"இந்த ஒரு தடவைக்கா. இனிமே கேட்டா என்னன்னு கேளுங்க."

"போன தடவையும் இதேதான் சொன்னே."

அழிக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அழுத்தினாள். ஒவ்வொரு டேப்பாகக் காலியாகத் தொடங்கியது.

"அய்யய்யோ, அக்கா! அவங்களுக்கு நான் இப்ப என்ன பதில் சொல்றது?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து, அவனைத் தாண்டி வெளியே போனாள்.