முகம் அழித்த நோயாளி

றுஸ்தாவுக்குப் படம் என்றால் முகம் கீறத்தான் வரும். மருதமுனையில் படித்த காலத்தில் ஆசிரியர்கள் எல்லாரையும் கொப்பியின் பின்பக்கத்தில் கீறி வைத்திருந்தாள். மூக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். அதை நம்பித்தான் புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரையும் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். இப்போது கடைசி வேலைத்திட்டம். கீறிய படம் ஊரில் ஒரு பொது இடத்தில் உண்மையாகவே ஒட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் இந்தக் கீறல் வேலையை விட்டுவிட்டு அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்கு முயற்சி செய்ய வேண்டும் என்று வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவள் எடுத்தது நல்ல விசயம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிக் கிடத்தாவிட்டால் புண் வரும். வந்தால் லேசில் ஆறாது. மாற்றிக் கிடத்தப் பலமுள்ளவர்கள் ஆம்பிளைகள். அவர்கள் மொத்தமாகக் கிடைக்கும் இடம் பள்ளிவாசல். ஆகவே போஸ்டர் பள்ளியின் அறிவித்தல் பலகைக்கு. நிர்வாகசபைச் செயலாளர் ஹமீட் ஹாஜியாரிடம், கல்முனையில் அவருடைய சாரன் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் மெச்சினார். பள்ளிக்குள் உருவப்படம் வைக்கிறதில்லை, முகத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டு வாங்க மகள் என்று மரியாதையாகத் திருப்பியும் அனுப்பினார்.

ஒரு கிழமை மினக்கெட்டுக் கீறிய முகம். பல்லைக் கடித்துக்கொண்டு கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் அழித்தாள். வெறும் தலை பார்க்கச் சகிக்காமல் இருந்ததால் வெள்ளைப் போர்வையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள்.

அந்த நாட்களில் அவள் தொழில் பழகப் போய்க்கொண்டிருந்தது சாய்ந்தமருதில் லைலா ராத்தாவின் வீட்டுக்கு. லைலாவுக்கு வயசு முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. சிறுவர் புத்தகம், பிஸ்கட் பெட்டி, குப்பை வண்டி அறிவித்தல் என்று கையில் வந்ததற்கெல்லாம் படம் கீறி வீட்டுச் செலவை நடத்துகிறவள். பகிடிக்காரி. அதுதான் றுஸ்தாவுக்குத் தாங்கவில்லை. எதைக் கேட்டாலும் பதில் வராது, நடிப்புத்தான் வரும். ஆட்டின் பின்னங்கால் எப்படி மடங்கும் என்று கேட்டால், ஆடாகவே குசினிக்குள் போய் வருவாள். வேலை தந்தவர்கள் அவசரப்படுத்தி டெலிபோன் எடுத்தால், குரலை மாற்றி, மேடம் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்பாள். இவ்வளவு நாளும் அங்கே போய் ஒழுங்காகப் பழகியது பிளேன்டீ ஊற்றுவது ஒன்றைத்தான் என்று றுஸ்தா உம்மாவிடம் சொல்லிச் சொல்லி எரிந்தாள்.

அழித்த படத்தை லைலாவிடம் காட்டினாள். லைலா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஜனாஸா எத்தின மணிக்கு, புள்ள?"

றுஸ்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வெள்ளைத் துணி மூடிய, முகமில்லாத உடம்பு. இரண்டு பேர் நின்று அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டுகிறார்கள். பக்கத்தில், உடம்பு துடைக்கவென்று கீறிய தண்ணீர் வாளி. அடக்கத்துக்கு முன் மையித்துக் குளிப்பாட்டும் முறையை ஊருக்குப் படிப்பிக்கிற படமாகவே அது இருந்தது. இதைப் பள்ளியில் ஒட்டியிருந்தால் மவுத்தானது யாரென்று ஊர் முழுக்க விசாரித்திருக்கும்.

லைலா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க ராத்தா. நாளையிண்டைக்குக் குடுக்கணும். நான் பெயிலாப் போவன்."

"ஓம் ஓம், சிரிக்கல்ல," என்று சொல்லி இன்னும் சிரித்தாள். பிறகு பாயை இழுத்துப்போட்டு நோயாளியாகப் படுத்துக்கொண்டு, தன்னைப் புரட்டச் சொன்னாள்.

றுஸ்தாவுக்கு அழுகைதான் வந்தது. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்தாள். அது பிழையான முறை, தோள்மூட்டு கழலும். மருமகள் என்னைக் கொல்றாள் என்று லைலா மாமியார் குரலில் அடுத்த வீட்டுக்குக் கேட்க முனகினாள். தோளிலும் இடுப்பிலும் கை வைத்துப் புரட்டியதும் முனகலை விட்டுத் தேத்தண்ணி கேட்டாள். சீனி போதாது என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தபடி ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்தாள். ஒரு கையைப் பின்னால் நீட்டி, பிஸ்கட்டுக்கு விரலை ஆட்டினாள்.

றுஸ்தா எரிச்சலோடு அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தெரியவில்லை. ஆனால் சீனிக்காகக் கோபித்துக் கிடக்கிற, இப்போதைக்கு மவுத்தாகும் எண்ணமே இல்லாத ஓர் ஆள் அந்த முதுகில் அப்படியே தெரிந்தார். படம் கீறும் டெப்பையும் அதன் பென்சிலையும் எடுத்தாள். அசையாமல் கிடக்கும்படி கேட்டாள். லைலா அசைந்தாள், கால் விறைத்துவிட்டதாம்.

முடித்த படத்தில் வெள்ளைத் துணி இல்லை. கட்டம் போட்ட பெட்டிச் சாரன் கட்டிய வயசாளி ஒருவர் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். மகன்காரன் முழங்காலை மடித்து நின்று, சரியான இடங்களில் கை வைத்திருக்கிறான். அவனும் நமக்குக் காட்டுவது முதுகைத்தான். கிழவரின் விரல் மட்டும் பிஸ்கட் கேட்கிறது.

ஹாஜியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, சாரனின் கரை பிழை என்றார். இவ்வளவு அகலமான கரையை மருதமுனையில் யாரும் நெய்வதில்லையாம். அதைக் கடையிலேயே இருந்து திருத்திக் கொடுத்தாள். அடுத்த நாள் படம் பலகையில் ஏறியது.

அன்று மஃரிப் தொழுகை முடிந்து வந்த வாப்பா, அது யாருடைய முதுகு என்று பள்ளி வாசலில் ஆட்கள் தர்க்கம் பண்ணியதைச் சொன்னார். கூடுதலான வாக்கு வாப்பாவின் முதுகுக்குத்தானாம். இது அவருக்குச் சந்தோசமா கோபமா என்று றுஸ்தாவால் பிடிக்க முடியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அட்டாளைச்சேனைய விடு. கீறு," என்று மட்டும் சொன்னார்.

ஹாஜியாரும் விடவில்லை. வாற கிழமை, டெங்கு பரப்பும் நுளம்பை ஒழிக்க ஒரு போஸ்டர் வேண்டுமாம். நுளம்புக்கும் முகம் வேண்டாமாம். றுஸ்தா ஒரு நுளம்பைப் பிடித்து ஜாம் போத்தலுக்குள் விட்டு, அதன் முதுகைப் பார்க்கக் காத்திருந்தாள். போத்தலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சனியன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.