கம்ப்யூட்டரில் உப்பு விளைந்த கதை

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால், சந்தேகம் கேட்க நேராக அமராவதி அக்கா வீட்டுக்குத்தான் போவார். அக்கா அவரை வாசலில் நிற்க வைத்து, "காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்பாள். அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் அக்காவுக்கு முன்னால் சும்மா. கம்ப்யூட்டருக்குள்ளேயே உப்பு விளைய வைத்த ஆள் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா எங்கள் பக்கத்து வீடு. தை பிறந்தால் உப்பளத்தில் கூலி வேலை. ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால் அதுவும் இல்லை. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்று பாதம் இரண்டும் வெடித்துப்போய், மழைத் தண்ணீர் பட்டாலே எரியும் அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். அந்தத் தைரியத்தில், சுனாமிக்கு மறு வருஷம், பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். படுக்க வைத்த அந்தப் பெட்டிக்கு மேல்மூடி இல்லை. "காத்து வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடித்து, பிளாப்பியில் போட்டு, திண்டிவனத்தில் அச்சகம் வைத்திருக்கும் சிவஞானத்திடம் கொடுப்பாள். அந்த ஐப்பசியில் அவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலரை அவளிடம் கொடுத்தார். "திங்கக்கிழம காலையில முழுசும் என் கைக்கு வந்துட்டா, வருஷம் பூரா வேல உனக்குத்தாம்மா. வரலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். முடித்துக் கொடுத்துவிட்டால் தையில் அக்கா உப்பளத்தில் இறங்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் வாழ்த்துரையின் நடுவில் கம்ப்யூட்டர் செத்தது.

"கௌதம், இங்க வாடா. என்ன பண்ணித் தொலச்ச?"

அவள் கேட்டதில் தப்பில்லை. தொடாமல் விட்டால் திரையில் எழுத்து ஓடுமே, அதில் போன வாரம்தான் 'அக்கா, குழம்பு கருகுது' என்று ஓட விட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து அடுப்பங்கரைக்கு ஓடினாள். ஆனால் இந்தத் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாததற்குத் திட்டு வாங்குவது எனக்குப் புது அனுபவம்.

"சத்தியமா நான் இல்லக்கா."

"உன் சத்தியத்த வச்சி ஒரு டீ கூட வாங்க முடியாது."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பச்சைப் பலகையின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். நம்ம ஊர் உப்பேதான். தலையை நிமிர்த்தினால், நேர் மேலே உத்திரத்தில் திருஷ்டி மூட்டை தொங்குகிறது. துணியில் கல்லுப்பும் மிளகாயும் முடிந்து அக்காவே கட்டியது. அதன் நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா, இத்தன வருஷமா உப்பு அள்ற. ஈரக் காத்துல உப்பு தண்ணி விடும்னு தெரியாதா?"

"தெரியும்டா." மூட்டையை நிமிர்ந்து பார்த்தாள். "திருஷ்டிக்குக் கட்டுன உப்பு அப்படிப் பண்ணாதுன்னு நெனச்சேன்."

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். பிறகு திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, மவுஸுக்குள் இருக்கும் உருண்டையைக் கழற்றிக் கோலி ஆடியதற்காகத் துரத்தப்பட்டேன். துரத்துவதற்குள் அங்கே மெக்கானிக் செய்வதைக் கொஞ்சம் பார்த்து வைத்திருந்தேன். பைக் மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர் வாங்கி வந்து, பலகையைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன்.

"தண்ணியால கெட்டத தண்ணியாலயே கழுவறியே, வெளங்குமா?" என்றாள் அக்கா. பிறகு உற்றுப் பார்த்தாள். "அது யார் பிரஷ்ஷு?"

"உன்னோடதுதான்."

கழுவியாயிற்று. காய வைக்க வெயில் வேண்டுமே. மழை விடுவதாக இல்லை, சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வழி தெரியவில்லை. அக்கா எழுந்துபோய் அடுப்புக்குப் பக்கத்து மாடத்திலிருந்த உப்பு ஜாடியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இங்க வைடா. அடமழையிலயும் இந்த எடத்துல உப்பு கசியாது. உன் பலக மட்டும் என்ன, பெரிய எடமா?"

சனிக்கிழமை முழுக்கப் பலகை அங்கே இருந்தது. அக்கா சோறு வடிக்காத நேரத்திலும் தணல் அணையாமல் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். மெமரி அட்டையின் பல்லை ரப்பரால் துடைத்துச் செருகி, சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. அட்டையைப் பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகினேன். பீப் என்றது. உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றியது. மலர் அப்படியே இருந்தது. வாழ்த்துரை மட்டும் பாதியில் அறுந்திருந்தது.

"அந்த மூட்டைய மொதல்ல வாசப்பக்கம் மாத்திக் கட்டுடா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். உட்கார்ந்தவள் எல்லாவற்றையும் அடித்து முடித்துத்தான் எழுந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஓடியது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அக்கா வாசலில் உட்கார்ந்து, இரண்டு பாதத்திலும் கேரி பேக்கை மாட்டி, கணுக்காலில் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்படியும் திண்டிவனம் போறேன்க்கா, படம் பாக்க" என்றேன். "பிளாப்பியக் குடு, போற வழியில குடுத்துட்டுப் போறேன். உனக்காகப் போறேன்னு நெனச்சிக்காத."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு காலில் கட்டியிருந்த கேரி பேக்கை அவிழ்த்து, துடைத்து, அதிலேயே பிளாப்பியைச் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாள். ஊக்கும் குத்தினாள்.

"அவர் கையில குடு. டேபிள் மேல போட்டுட்டு வராத."

"சரி."

தண்ணீரில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, திண்டிவனம் தியேட்டருக்குள்ள தண்ணி பூந்து மூடிட்டாங்கன்னு நேத்து எங்கிட்ட சொன்னதே நீதான?"