நனைத்துக் கட்டிய நீலச் சட்டை

பிள்ளைகளா, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாறி மாறிப் போன் அடித்தும் அப்பா எடுக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம். காற்று இறங்குகிற வீட்டுக்குள் நின்று வீடியோவில் காட்டுகிறேன் என்று சொன்னவன் நான்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

துபாயில் கிரீக் என்கிற உப்பங்கழி ஓரத்தில் ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. ஈரான் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் கடலில் வெட்டிய பவளக்கல்லால் கட்டிய வீடுகள். வெயில் தரைக்கு இறங்காதபடி சந்துகளை ஒடுக்கமாக விட்டிருக்கிறார்கள். கரண்ட் இல்லாத காலம் அது. கூரை மேல் நாலு பக்கமும் திறந்த கோபுரம் வைத்து, போகிற காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கியிருக்கிறார்கள். உள்ளே ஈரத்துணி கட்டினால் காற்று குளிர்ந்தே விழும்.

அப்படி ஒரு வீட்டுக்குத்தான் நான் பூச்சு வேலை பார்த்தேன். டூட்டி நேரத்தில் கோபுரத்தடியில் நின்றால் ஃபோர்மேன் சார் கத்துவார். அதனால் லீவு நாளில், தீபாவளிக்கு நீங்கள் எடுத்து அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாங்கள் தங்கியிருக்கிற அல் கூஸ் லேபர் கேம்பிலிருந்து பஸ் ஏறினேன். வாட்ச்மேன் பாய் கதவைத் திறந்துவிட்டார்.

போனைக் கையில் எடுத்த நேரம், ஃபோர்மேன் சார் மனைவியோடும் மகளோடும் உள்ளே வந்தார். திருச்சிக்காரர்தான்.

“அடேயப்பா, மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கான்! பொண்ணு எங்கடா?”

“புள்ளைங்களுக்கு வீட்டக் காட்டலாம்னு சார்...”

“ஏன், உங்கப்பன் கட்டுன வீடா?”

அவர் மனைவி சிரித்தார். மகள் கோபுரத்தடியில் போய் நின்று, “டாடி, ஒரே ஹாட்டா இருக்கு” என்றாள்.

“ஈரத்துணி கட்டினா ஏசி மாதிரி வரும்டா செல்லம். டேய், மேல ஏறு.”

“துணி மாஃபி சார், ஒண்ணும் இல்ல.”

“நீ போட்டிருக்கியே, அது என்ன தகரமா?”

அடுத்த மாதம் ஊருக்கு வர லீவு கேட்டிருந்தேன். அவர் சரி என்றால்தான் உண்டு. சட்டையைக் கழற்றி, பூச்சு குழைக்கிற வாளியில் முக்கி, வெற்றுடம்போடு சாரத்தில் ஏறி, சட்டையின் இரண்டு கையையும் கோபுரத்து உத்தரத்தில் இழுத்துக் கட்டினேன்.

“காஞ்சு போச்சுடா, தண்ணி ஊத்து!” என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கை கம்பில், ஒரு கை வாளியில். பேண்ட் பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நீங்கள்தான் என்று தெரியும். கீழே அந்தப் பிள்ளையின் முடி காற்றில் பறந்தது. “வாவ் டாடி!”

அவர்களுக்கு அலுத்த பிறகு, “யல்லா, இறங்கு. சட்டைய எடுத்துக்க. சைட்ல குப்பை கிடக்கக் கூடாது” என்றார்.

“சார், அந்த லீவு...”

“அதான் இன்னைக்கு எடுத்துட்டியே!”

போகும்போது வாட்ச்மேனிடம், லீவு நாளில் லேபர் வந்தால் உள்ளே விடாதே என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

கேம்புக்கு வந்தேன். ரூமில் எல்லோரும் கடைக்குப் போயிருந்தார்கள். சுண்ணாம்பு பூத்த சட்டையைக் குழாயில் அலசி, பிழியாமல் ஜன்னல் கம்பியில் கட்டினேன். அதற்கு நேராகப் போய் நின்றேன்.